அம்புக்கூட்டின் வயது

எங்கள் பெரியப்பா வீட்டு அம்புக்கூட்டைப் பெண்கள் தொடக் கூடாது. போடிநாயக்கனூரில் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில், பெரியப்பாவின் படத்துக்கும் பழைய சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் அது தொங்குகிறது. தோலால் ஆன ஒரு குழல், அதைக் கோத்த வார், வாரில் ஒரு குஞ்சம், இன்னொரு பக்கம் ஒரு சின்னச் சிமிழ். ஆயுத பூசைக்குச் சந்தனம் வைப்பார்கள், சிமிழில் விபூதி நிரப்புவார்கள். பூட்டன் ஒருவர் போடி ஜமீனின் வேட்டைக்கு முன்னோடியாகப் போனவர் என்றும், புலியைக் குத்திய அவருக்கு ஜமீன்தார் தன் தோளிலிருந்தே கழற்றிக் கொடுத்தது இது என்றும் கதை. அப்பாவின் வேலை நிமித்தம் பத்து வயதுவரை ஆம்பூரில் வளர்ந்தேன். ஆறாம் வகுப்பில் சேரப் போடிக்கு வந்த அன்றே இந்தக் கதையையும் சொன்னார்கள், தொடக் கூடாது என்பதையும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் இரண்டும் ஒரே வயதுடையவை என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறாவது வயதில்தான் அதைத் தொட்டேன். குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு மலர் போடுவதாக முடிவாகி, அம்புக்கூட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார் பெரியப்பா மகன். "நம்ம பங்காளிகள்லயே தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்குனவ நீ ஒருத்திதாம்மா. மூணு பக்கம் நல்லா எழுதிக் குடு" என்றார் அண்ணன். பார்க்காமல், அளக்காமல் எழுத முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மதினி வந்து என் காதருகே குனிந்து கேட்டார்: "அவுக கேக்கச் சொன்னாக. ஒனக்கு அதெல்லாம் நின்னுருச்சா?"

ஆய்வுப் பொருளைப் பார்க்க அனுமதிக் கடிதம் கேட்கும் நூலகங்களுக்குப் போயிருக்கிறேன். கையுறை போடச் சொல்லும் காப்பகங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கருப்பையின் நிலவரம் கேட்ட காப்பகம் இது ஒன்றுதான். கேட்கச் சொன்ன அண்ணன் கூடத்திலேயே நின்றார். கேட்க வேண்டிய சங்கடம் மதினியுடையதாக இருந்தது. "நிக்கல மதினி. ஆனா இன்னைக்கு இல்ல" என்றேன். அது போதுமானதாக இருந்தது. துணி விரித்து, தட்டில் வைத்துத் தந்தார்கள்.

*

ஒரு நூலின் காலத்தைக் கணிக்கும்போது அதிலுள்ள மிகப் பழைய சொல் நமக்கு உதவாது. யாரும் எந்தக் காலத்திலும் பழைய சொல்லை எடுத்து ஆளலாம். மிகப் புதிய சொல்தான் காட்டிக்கொடுக்கும். அந்தச் சொல் வழக்குக்கு வந்ததற்கு முன்னால் அந்த நூல் இருந்திருக்க முடியாது. 1936இல் நிறைவடைந்த தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை சொற்களையும் இலக்கண வடிவங்களையும் இப்படி எடைபோட்டுத்தான் பல நூல்களின் காலத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். அதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. பழைமையைக் குறைத்தால் பெருமை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

தோல் சாமானுக்கும் இதே விதிதான். டிக் பட்டன் இருந்தால் அது 1885க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் ஜெர்மனியில் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜிப் இருந்தால் 1910களுக்குப் பிந்தையது. நைலான் நூல் இருந்தால் 1930களின் கடைசிக்குப் பிந்தையது. தோலின் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும்: உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டை, காய் போட்டுப் பதனிட்டது. நடுவில் சாம்பலும் நீலமுமாக ஒரு கோடு ஓடினால் குரோம் உப்பில் பதனிட்டது. குரோம் முறைக்கு அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை எடுத்தார்கள். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் அதை முயன்றுபார்த்தார். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தைத் தனியாக வைக்க வேண்டும். உரையாசிரியரின் சொல்லை மூல ஆசிரியரின் சொல்லாக எண்ணிவிடக் கூடாது அல்லவா, அதுபோல.

வடிவமும் பேசும். நாயக்கர் காலத் தூண்களிலும் சுவரோவியங்களிலும் வில்லாளிகள் அம்புக்கூட்டை முதுகில் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். தோளுக்கு மேல் கொத்தாக அம்புகள் தெரியும். முகலாய அரசவைகளில் தட்டையான உறை, இடுப்பில் தொங்கும், வெல்வெட்டும் சரிகையும் போர்த்தியிருக்கும். 1938இல் எரல் ஃபிளின் நடித்த ராபின் ஹூட் படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் முதுகுக் கூடுகள் பெருகின. கனத்த தோல், விளிம்பில் தோல் நாடாப் பின்னல், சிலவற்றில் மான் தலை அச்சு. பழம்பொருள் சந்தையில் 'மிகப் பழையது' என்று விலை சொல்லப்படுபவற்றில் பல இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

பெரியப்பா வீட்டுக் கூடு இவற்றில் எதிலும் சேரவில்லை. பத்து அங்குல ஆழம். வாய் மிகச் சிறியது. மூன்று அம்புக்கு மேல் வைத்தால் இறகு நசுங்கும். மூன்று அம்போடு எந்த வேட்டைக்காரரும் கரடி நடமாடும் காட்டுக்குள் போகமாட்டார். மூன்று மூன்றாக எய்வது இலக்குப் பலகை விளையாட்டு. இங்கிலாந்தில் வளர்ந்த முறை. குஞ்சம் அலங்காரமல்ல: புல்தரையில் விழுந்த அம்பின் மண்ணைத் துடைப்பதற்கான கம்பளி நூல். ஓக் மரத்துக் கொட்டையைப்போலச் செதுக்கிய சிமிழ் விபூதிக்கானதல்ல: நாணை இழுக்கும் விரலுறையில் தடவிக்கொள்ளும் கொழுப்பு மசகுக்கானது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நாங்கள் நெற்றியில் பூசிக்கொண்டது எந்தச் சிமிழிலிருந்து என்று நினைத்துச் சிரித்தேன்.

வாரின் உட்பக்கம் அச்சிட்ட எழுத்துகள் தேய்ந்து, லண்டன் என்ற சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாரில் ஐந்து துளை. நான்கு துளைகள் வட்டமாக இருக்கின்றன. மூன்றாவது மட்டும் நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறது. பக்கிளிலிருந்து அந்தத் துளைவரை அளந்தேன். இருபத்தாறு அங்குலம்.

டேப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து அளந்தேன். அதே இருபத்தாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துப் பெண்கள் வில்வித்தைக்குக் கட்டிய இடைவார் இப்படித்தான் இருக்கும்: சிறு கூடு, குஞ்சம், மசகுச் சிமிழ் மூன்றும் ஒரே வாரில். ஆண்களும் இவ்வாறே கட்டியதுண்டு. ஆனால் புலியைக் குத்தியவரின் இடுப்பு இருபத்தாறு அங்குலமாக இருந்திருக்காது.

*

படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, போடி பேருந்து நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் போனேன். அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது ரெட்டை ஊசித் தையலு. மிசினுல வராது. ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு பக்கமிருந்தும் ஊசி போயிருக்கு பாருங்க. ஒரு நூலு அந்தாலும் இன்னொன்னு பிடிச்சுக்கிரும்" என்றார். அப்புறம் அடிப்பக்கப் படத்தில் விரலை வைத்தார். "இது வேற கை. அடி பிஞ்சுபோயி யாரோ நம்ம ஆளு ஒட்டுப்போட்டிருக்காரு. ஆட்டுத் தோலு. நூலும் நம்ம மெழுகு நூலு."

ஆம்பூரில் வளர்ந்த எனக்கு அந்த ஒட்டின் நிறம் தெரிந்ததுதான். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, கடுக்காய் போட்டு, புங்க எண்ணெய் தடவுவார்கள். போடியின் கீழ்ச்சரிவில் மழை குறைந்த பக்கம் முழுக்க ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக்கிடக்கும். கடுக்காய் மலைச்சரக்கு. பதனிடும் தொழிற்கூடங்கள் திண்டுக்கல்லில் இருந்தன. சென்னை மாகாணத்தில் இப்படிப் பதனிட்ட ஆட்டுத் தோல் லண்டனுக்குக் கப்பலேறி, அங்கே 'பெர்சியன்' என்ற பெயரில் விற்றது. பாரசீகத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பட்டை உரித்த கையும் தோலை மிதித்த காலும் பெயர் மாற்றத்தில் காணாமல்போயின.

அந்த அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். "சாமானை நேர்ல குடுத்தா அடியைச் சரிபண்ணித் தந்துரலாம். வீட்டுக்கு வரவா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வீட்டின் கூடத்துக்குள் அவர் சாதிக்காரர் ஒருவர் வந்ததை நான் பார்த்ததில்லை. அடிக்கு ஒட்டுப்போட்டவரும் வாசலில் நின்றுதான் வாங்கியிருப்பார், வாசலில் நின்றுதான் திருப்பித் தந்திருப்பார். தோலில் வேலைசெய்கிறவரை வாசலில் நிறுத்திய வீடு தோலுக்குச் சந்தனம் வைக்கிறது. பெண்ணுக்காகச் செய்த வாரைப் பெண் தொட்டால் தீட்டு என்கிறது. இரண்டு விலக்கும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. "நானே கொண்டுவரப் பாக்குறேன் அண்ணே" என்றேன். அண்ணனிடம் கேட்டபோது, பூசைச் சாமானை வெளியே அனுப்பும் வழக்கமில்லை என்று முடித்துவிட்டார்.

*

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஒன்று மட்டும் பொருந்தவில்லை. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அடிவரை கரி. விரலை விட்டுத் துடைத்தேன், அடுப்புக்கரி. சூடம், ஊதுபத்திப் புகை வெளியே படியும். உள்ளே, அதுவும் அடியில் கரி படிய வேண்டுமானால் கரி படிந்த ஒன்றை அதற்குள் செருகியிருக்க வேண்டும்.

பெரியம்மாவிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், பின்கட்டில் கட்டிலில் இருப்பார். மலருக்காக அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.

"அதுவா? அதுக்குள்ளதானத்தா ஒங்க அப்பத்தா அடுப்பூதுற குழலச் சொருகி வச்சிருக்கும். அடுப்படியில நெலைக்குப் பக்கத்துல தொங்கும். நான் கல்யாணமாகி வந்தப்ப அங்கனதான் கெடந்துச்சு."

"எந்த வருசம் பெரியம்மா?"

"வைகை அணை தொறந்த வருசம்."

அப்படியானால் 1959. மலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்து துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமானை ஏலம் போட்டார்களாம். தாத்தா ஒரு நாற்காலியும் பீங்கான் தட்டுகளும் எடுத்தார். "இது துரைசாணி சாமான். யாரும் கேக்கல, சும்மாவே குடுத்துட்டாக. நல்ல தோலாச்சேன்னு அப்பத்தா அடுப்படிக்குக் கொண்டாந்துருச்சு" என்றார் பெரியம்மா.

போடியிலிருந்து குரங்கணி வழியாக மேலேறும் பாதை அந்தக் காலத்தில் மூணாறு மலைத்தோட்டங்களின் முக்கியமான வாசல். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். சீமைச் சாமான்கள் மேலே ஏறுவதும், துரைகள் போனபின் கீழே இறங்குவதும் இந்த ஊருக்குப் பழகிய காட்சி. அப்படி இறங்கிய ஒரு பெண்ணின் இடைவார், இன்னொரு பெண்ணின் அடுப்படியில் முப்பது வருடம் ஊதுகுழல் தாங்கியிருக்கிறது.

"அப்புறம் எப்பிடிப் பெரியம்மா அது கூடத்துக்கு வந்துச்சு?"

"எம்ஜியாரு செத்த வருசம் புதுவீடு பால் காச்சுனோம்ல. கேஸ் அடுப்பு வந்துருச்சு, ஊதுகுழலுக்கு வேலையில்ல. நல்லாருக்கேன்னு ஒங்க பெரியப்பாதான் ஆணியடிச்சுக் கூடத்துல மாட்டுனாக. மறுவருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சாக. அதுக்கடுத்த வருசம் பொம்பளைக தொடாதீகன்னாக."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? தொடைக்கிற வேலை ஒண்ணு கொறஞ்சுச்சுன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "யாரும் எங்கிட்டக் கேக்கலையேத்தா. கேட்டாத்தான சொல்றதுக்கு."

எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பரில். மறுவருடம் சந்தனம், அதற்கு அடுத்த வருடம் தடை, அப்படியானால் 1989. நான் போடிக்கு வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடமும் அதுதான். ஆதிகாலத்திலிருந்து வருவதாக நான் நினைத்திருந்த தடை என்னைவிடப் பதினொரு வயது இளையது.

*

இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். தடைகளுக்கும் வயது உண்டு. அதைக் கணிக்க முடியும். 'காலங்காலமாக' என்ற சொல்லைக் கேட்டால் நாம் பணிந்துபோகிறோம், அல்லது அந்த மரபையே தூக்கியெறிகிறோம். இரண்டுமே அந்தச் சொல்லை நம்பிவிட்டதன் விளைவு. மூன்றாவதாக ஒன்று செய்யலாம். எந்த வருடம், யார் ஆணியடித்தார், அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்கலாம். விடை ஏடுகளில் இல்லாமல் இருக்கலாம். பின்கட்டில் இருக்கலாம். பெண்கள் ஆண்டைத் தேதியால் நினைவுவைப்பதில்லை. அணையால், வெள்ளத்தால், பிள்ளைப்பேற்றால், தலைவர் சாவால் வைக்கிறார்கள். அது குறைந்த துல்லியமல்ல. எனக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளும் பெரியம்மா தந்தவை. வாரில் இருந்த அச்சு எனக்கு மூன்று எழுத்துதான் தந்தது.

மொழியிடம் கேட்டாலும் இந்தத் தடைக்கு ஆதாரம் கிடைக்காது. அம்புக்கூட்டுக்குத் தமிழில் தூணி என்று பெயர். தூணி நெல் அளக்கும் அளவும்கூட: நான்கு மரக்கால் ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆவநாழிகை என்று இன்னொரு பெயர். அதற்குள் இருக்கும் நாழி அரிசி அளக்கும் நாழி. உள்ளே வெறுமையாக இருக்கும் குழல் எதுவும் நாழிதான், மூங்கில் கணுவில் வெட்டிய படியும் சரி, அம்பு வைக்கும் கூடும் சரி. புட்டில் என்றால் அம்புக்கூடு. கூடையும் புட்டில், விரலுக்குப் போடும் உறையும் புட்டில். இந்தச் சொற்களை உண்டாக்கியவர்களுக்கு அம்பு வைப்பதும் அரிசி வைப்பதும் ஒரே வேலையாகத் தெரிந்திருக்கிறது. ஊதுகுழலை அதில் செருகிய எங்கள் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆவநாழிகை என்ற சொல்லின் பொருளை அவர்தான் சரியாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதரின் முதல் கருவி ஈட்டியோ கத்தியோ அல்ல, சேகரித்ததைக் கொண்டுவரும் பையாகவே இருந்திருக்கும் என்ற கருத்தை எடுத்துப் பேசினார். எலிசபெத் ஃபிஷர் 1979இல் வெளியிட்ட நூலில் அந்தக் கருத்து முன்பே இருந்தது. குத்துவதும் கொல்வதும் கதையாகின்றன, கிழங்கு பொறுக்கியவளின் பைக்குக் கதை இல்லை என்பது அவர் வருத்தம். அம்புக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. அம்புக்கூடும் ஒரு பைதான். பைகளில் வீரக் கதைக்குள் அனுமதிக்கப்பட்டது அது ஒன்றுதான். அனுமதித்தபின் அது பை என்பதையே மறந்துவிட்டோம்.

சிற்பிகள் மறக்கவில்லை. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில், ஏழாம் நூற்றாண்டில், சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைப்பவள் ஒரு பெண். மதுரையில் குறத்தி சிற்பம் கூடையும் பிள்ளையுமாக நிற்கிறது. வில்லும் கூடையும் பெண்ணுடல்களோடு ஒட்டியேதான் கல்லில் இருக்கின்றன. மீனாட்சியே திக்கெட்டும் படைநடத்திப் போனவள். சித்திரைத் திருவிழாவில் ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். அவள் கையில் ஆயுதம் இருக்க நாம் அனுமதிப்பது அந்த ஒருநாள் இடைவெளிக்குத்தான். மறுநாள் மொய் எழுத வரிசையில் நிற்கிறோம்.

*

இடைவாருக்குச் சொந்தக்காரியான துரைசாணியை நினைத்துப்பார்க்கிறேன். ஓடவும் குதிக்கவும் தடையிருந்த காலத்தில் இங்கிலாந்தின் நடுத்தர, மேல்தட்டுப் பெண்களுக்கு வில்வித்தை அனுமதிக்கப்பட்டது. நீளப் பாவாடையோடு நின்ற இடத்தில் நின்று ஆடலாம், வியர்க்காது, பார்க்கவும் அழகு என்பதுதான் காரணம். அந்தக் குறுகலான அனுமதிக்குள் அவர்கள் வெகுதூரம் போனார்கள். 60 கஜத்தில் 48 அம்பு, 50 கஜத்தில் 24 அம்பு என்பது பெண்களுக்கான சுற்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தச் சுற்றை இருமுறை எய்து தங்கம் வென்ற குவீனி நியூவலுக்கு வயது 53. இன்று நம் நாட்டின் தீபிகா குமாரி, ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகள், மூங்கில் வில்லில் தொடங்கி உலகத் தரவரிசையில் முதலிடம்வரை போனவர்.

ஆனால் துரைசாணியும் பெண்தானே என்று அணைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் ஓய்வின் கீழே மலை இருந்தது. மலையில் குனிந்த முதுகுகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டுக்கு மேலே போகும் பெண்கள் ஏலக்காய் எடுக்கிறார்கள். ஏலச்செடி ஆளுயரம் வளரும். காய் என்னவோ தரையோடு படரும் சரத்தில்தான் பிடிக்கும். நின்று எடுக்க முடியாது. குனிந்து, குந்தி, மழையிலும் அட்டைக்கடியிலும் ஒவ்வொரு சரத்திலும் முற்றியதை மட்டும் பார்த்துப் பறித்து இடுப்புப் பையில் போட வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். போடி ஏலமையத்தில் அந்த ஒரு கிலோவின் விலை திரையில் ஓடும். சரகு எந்தத் தோட்டத்துடையது, எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் பதிவாகும். எடுத்த கை பதிவாகாது. அந்த இடுப்புப் பை எந்தக் கூடத்திலும் தொங்காது.

இந்த மலையின் முதுவர்களுக்கு, மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால் அந்தப் பெயர் என்று ஒரு வழக்கு உண்டு. முதுவப் பெண்கள் பிள்ளைகளை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பார்கள். அம்புக்கூடு கட்டும் அதே இடம்.

*

மலருக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். துரைசாணி, ஊதுகுழல், இருபத்தாறு அங்குலம், 1989 எல்லாம் அதில் இருந்தன. விழாக் குழு அதைப் போடவில்லை. அம்புக்கூட்டின் வண்ணப்படத்தை முழுப்பக்கத்தில் போட்டு, '300 ஆண்டுப் பழைமை வாய்ந்த வீரச் சின்னம்' என்று ஒரு வரி அச்சிட்டார்கள். அண்ணன் என்னிடம் கோபப்படவில்லை. "இதையெல்லாம் எழுதி என்னம்மா ஆகப்போகுது" என்று மட்டும் கேட்டார். மதினி ஒருநாள் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இப்பல்லாம் நாந்தான் அதை எடுத்துத் தொடைக்கிறேன். ஒட்டடை ரொம்பச் சேருது." எந்த நாளில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கல்லூரியில் முதுகலை மாணவிகளுக்கு இந்தப் பருவத்தில் ஒரு பயிற்சி வைத்தேன். உங்கள் வீட்டுப் பெண்கள் பயன்படுத்தும், எதையாவது வைக்கும் ஒரு பொருளை எடுங்கள். பெயர், அளவு, எதனால் ஆனது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது, அதிலுள்ள மிகப் புதிய பகுதி எது, மிகப் பழைய பகுதி எது என்று குறியுங்கள். பிறகு அதை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அஞ்சறைப்பெட்டிகள் வந்தன, சுருக்குப்பைகள் வந்தன, அடிப்பக்கம் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குகள் வந்தன. பெயர் வெட்டிய தூக்குகளில் பெரும்பாலும் கல்யாணத் தேதி இருந்தது; சிலவற்றில் அதைக் கொடுத்தவர் பெயர் இருந்தது, வாங்கிக்கொண்டவள் பெயர் இல்லை.

போடிப் பக்கத்து மாணவி ஒருத்தி அம்மாவின் ஏலக்காய்ப் பையைக் கொண்டுவந்தாள். உரச்சாக்கை மடித்துத் தைத்தது. சாக்கின் அச்சில் மாதமும் வருடமும் தெளிவாக இருந்தன: போன வருடத்துச் சாக்கு. ஆனால் அது கோத்திருந்த இடுப்பு வார் வேறு. தடித்த காக்கித் துணி, வெளுத்துப்போனது, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பூப்போட்ட சேலைத் துணியை இணைத்துத் தைத்திருந்தது. பை மூன்று முறை மாறியிருக்கிறது, வார் மாறவில்லை என்று எழுதியிருந்தாள். அந்த ஒட்டு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். நீ வயிற்றில் இருந்தபோது வார் எட்டவில்லை, அதனால் சேர்த்துத் தைத்தேன், ஏழாம் மாதம்வரை மலைக்குப் போனேன் என்றாராம் அம்மா.

அவள் நோட்டில் கடைசி வரி இது: "காலம்: 2003 அல்லது அதற்கு முன். சான்று: நான் பிறந்த தேதி."